ஒரு ஆள் குடும்பம்

வீடு என்றால் என்ன என்பதை நான் கற்றுக்கொண்டது வேலூரில், ஒரு கூட்ட அரங்கில், மின்விசிறிக்குக் கீழே இடம் பிடித்து உட்கார்ந்து. வகுப்பெடுத்த அதிகாரி அம்மா சுவரைப் பற்றியோ கூரையைப் பற்றியோ பேசவில்லை. "அடுப்பைப் பாருங்க" என்றார். ஒரே அடுப்பில் சமைத்ததைச் சாப்பிடுகிறவர்கள் ஒரு குடும்பம். ஒரு கூரைக்குக் கீழே மூன்று அடுப்பு எரிந்தால் மூன்று குடும்பம். தனியாக ஒருவர் பொங்கிச் சாப்பிட்டால் அவரே ஒரு குடும்பம். அதற்கு அவர் வைத்த பேர் 'ஒரு ஆள் குடும்பம்'.

நான் பெரிய படிப்பு படித்தவன் இல்லை. பன்னிரண்டாவதோடு நின்று, ஆரணியில் ஒரு பட்டுக் கடையில் புடவை மடித்துக்கொண்டிருந்தேன். கணக்கெடுப்புக்கு ஒப்பந்தத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, பேசத் தெரியும் என்கிற ஒரே தகுதியோடு போய்ச் சேர்ந்தவன். புள்ளியியலைப் பயிற்சித் தாள்களிலிருந்தும், டீ குடிக்கிற நேரத்தில் அதிகாரிகளைப் பிடுங்கிப் பிடுங்கிக் கேட்டும் தெரிந்துகொண்டேன். ஊரில் உள்ள எல்லா வீட்டுக்கும் போக வேண்டாம். முதலில் வீடுகளை ஒன்று விடாமல் பட்டியல் போட வேண்டும். பிறகு யாருடைய சாய்வும் கலக்காமல் கம்ப்யூட்டரைக் குலுக்கவிட வேண்டும். விழுந்த வீடுகளை மட்டும் கேட்டால் போதும். ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் எடை உண்டு. அந்த எடையால் பெருக்கினால் ஒரு வீடு தன்னைப் போன்ற பல நூறு வீடுகளுக்காகப் பேசும். பதில் கிடைக்காத கேள்விக்கு, அந்த வீட்டைப் போலவே இருக்கிற இன்னொரு வீட்டின் பதிலை இரவல் வாங்கி நிரப்புகிற வித்தைகூட இருக்கிறது. இதையெல்லாம் கேட்டபோது எனக்கு மாயம் பார்ப்பது போலத்தான் இருந்தது. இன்றைக்கும் கொஞ்சம் அப்படித்தான் இருக்கிறது.

அந்த வகுப்பில் ஒன்றுதான் எனக்கு உடனே பிடிபடவில்லை. "வீடு வீடாப் போய், இந்த வருஷம் உங்க வீட்ல யாராவது இறந்தாங்களான்னு கேட்டா, தனியா வாழ்ந்து இறந்தவங்க கணக்குல வர மாட்டாங்க" என்றார் அதிகாரி அம்மா. ஏன் என்று எழுந்து கேட்டேன். "பதில் சொல்ல அந்த வீட்ல ஆள் யாருப்பா இருக்கா?" என்றார். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். நானும் சிரித்திருப்பேன்.

அந்த வருஷம் எனக்குக் கிடைத்த ஊர்களில் முள்ளிப்பட்டு ஒன்று. தேவிகாபுரத்துக்கும் தெள்ளாருக்கும் பஸ் பிடிக்க வேண்டும். முள்ளிப்பட்டுக்கு என் டிவிஎஸ் வண்டியே போதும். வீட்டுக்கு வீடு தறி. ஆரணியில் இருக்கிற முதலாளிகள் பாவும் நூலும் கொடுப்பார்கள், இவர்கள் நெய்து கொடுப்பார்கள். தறி ஓடுகிற நாளில் போனால் யாரும் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். பேசினால் கை நிற்கும், கை நின்றால் புடவை நிற்கும். அதனால் அந்த ஊருக்கு மட்டும் அமாவாசை பார்த்துப் போவது என்று வைத்துக்கொண்டேன். அமாவாசையன்று தறியில் உட்கார மாட்டார்கள். செத்துப்போன பெரியவர்களுக்குப் படையல் போட்டு, மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, சாவகாசமாகப் பேசுவார்கள். என் வேலை சுலபமாக முடியும் என்று நான் கண்டுபிடித்த வழி அது.

குலுக்கலில் விழுந்த வீடுகளில் ஒன்று, நீளமான ஓட்டு வீடு. முன்னால் தறிக்கூடம். அதில் இரண்டு குழித்தறி, பக்கத்தில் பக்கத்தில். பின்னால் குறுக்கே ஒரு சுவர் எழுப்பி, இந்தப் பக்கம் அண்ணன் சமையல், அந்தப் பக்கம் தம்பி சமையல். பாகம் பிரித்தபோது அடுப்பைப் பிரித்துவிட்டார்கள். பூமிக்குள் இறங்கியிருக்கிற தறியைப் பெயர்த்துக்கொண்டு போக முடியாது என்று கூடத்தைப் பொதுவில் விட்டுவிட்டார்கள். பட்டியல் போட்ட அன்று நான் அதை இரண்டு குடும்பம் என்று எழுதியிருந்தேன். குலுக்கலில் அண்ணன் குடும்பம் வந்தது, தம்பி குடும்பம் வரவில்லை. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அதே வீட்டுக்குத் திரும்பத் திரும்பப் போக வேண்டிய கணக்கெடுப்பு அது.

முதல் தடவை போனது ஒரு வைகாசி அமாவாசை. அண்ணன் மனைவி முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார்.

"ஊர்ல இவ்ளோ வூடு கீது. எங்க வூடுதான் கண்ணுக்குத் தெரிஞ்சுதா சார்?"

"குலுக்கல்ல வந்ததுங்க. சீட்டு எடுக்கற மாதிரி."

"சீட்டு வுழுந்தா துட்டு வரும். இது வுழுந்தா இன்னா வரும்?"

"நான் வருவேங்க."

அவர் சிரித்துவிட்டார். சிரித்த பிறகு கதவு முழுதாகத் திறந்துகொள்ளும். அது என் அனுபவம். அவர் வீடு தன்னைப் போன்ற நிறைய வீடுகளுக்காகப் பேசப்போகிறது என்று சொன்னேன். "என் பேச்சை என் வூட்டுக்காரரே காதுல வாங்க மாட்டாரு. அத்தினி வூட்டுக்கு நான் பேசணுமா?" என்றார். வீட்டுக்காரர் தறிக்குழியில் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்து, நூலில் விழுந்த முடிச்சுகளை நகத்தால் எடுத்துக்கொண்டிருந்தார். நெய்யக் கூடாத நாள்தான். ஆனாலும் கை சும்மா இருக்கவில்லை. அவர் தலையைத் தூக்கவில்லை.

வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டேன். தான், கணவர், ஒரு மகன், ஒரு மகள் என்றார்.

"கூடத்துல ஒரு பெரியவர் படுத்துகினு இருந்தாரே?"

"அவரு என் மாமனாரு. அவரு இப்போ தம்பி முறை."

முறை என்றால் சாப்பாட்டு முறை. ஒரு மாதம் பெரியவன் வீட்டில், ஒரு மாதம் சின்னவன் வீட்டில். அமாவாசைக்கு அமாவாசை மாறும். பெரியவர் தன் தட்டையும் டம்ளரையும் எடுத்துக்கொண்டு சுவருக்கு அந்தப் பக்கம் போவார், அடுத்த அமாவாசைக்கு இந்தப் பக்கம் வருவார். படுக்கை மட்டும் மாறாது. இரண்டு தறிக்கும் நடுவில், யாருக்கும் பாகம் பிரியாத அந்த இடத்தில் பாய்.

என் விதிப்படி, ஒருவர் கடந்த ஆறு மாதத்தில் எந்த அடுப்பில் அதிக நாள் சாப்பிட்டாரோ அந்தக் குடும்பம். இவர் ஆறு மாதத்தில் பாதி அங்கே, பாதி இங்கே. சமமாக வந்தால் போகிற அன்றைக்கு எங்கே இருக்கிறாரோ அங்கே எழுதிக்கொள்ளலாம். நான் போனது அமாவாசை. எழுந்து அந்தப் பக்கம் போய்த் தம்பி மனைவியிடம் கேட்டேன். கையில் மாவு ஒட்டியிருக்க எட்டிப் பார்த்தார்.

"வெளக்கு வெச்சப்புறம்தான் எங்க முறைங்க. பகல் அவங்களுது."

திரும்பி வந்து இதைச் சொன்னேன். அண்ணன் மனைவி முறத்தைக் கீழே வைத்தார்.

"நேத்து ராத்திரி சோத்தோட எங்க முறை முடிஞ்சுது. வருஷக்கணக்கா இதே ரவுசுதான் சார். சொல்லிச் சொல்லி என் வாயே தேஞ்சுது."

"யார் வீட்ல எழுதினாலும் ஒண்ணும் ஆகாதுங்க. இது எண்ணிக்கைக்குத்தான்."

"உங்களுக்கு எண்ணிக்கை. நாளைக்கு அவன் வந்து, கெவர்மென்ட்லயே நைனா உங்க வூடுன்னு எழுதிட்டாங்க, இனிமே மாசாமாசம் நீங்களே வெச்சிக்கங்கன்னு சொன்னா? எழுத்துல ஏறிட்டா எறங்காது சார்."

எழுதியதை வெளியில் யாரும் பார்க்க முடியாது, பேர்கூட எங்கள் அலுவலகத்தைத் தாண்டாது என்றெல்லாம் சொன்னேன். அவர் நம்பவில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. காலையில் சமையல், பகலெல்லாம் கணவரோடு தறி, சாயங்காலம் பிள்ளைகள். வலது தோளைத் தூக்கும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொள்கிற மனுஷி. ஒரு தட்டு கூடினால் அந்தத் தோள்தான் அதைத் தூக்க வேண்டும்.

கணவரைப் பார்த்தேன். அவர் முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதிகாரி அம்மாவுக்குப் போன் செய்தேன். "அவங்க சொல்றதை எழுதுங்க. நீங்க பஞ்சாயத்து பண்ணப் போகலை" என்றார். அதுவும் சரிதான். பதில் சொல்கிறவர் சொன்னதைத் திருத்த ஆரம்பித்தால் கணக்கில் என் மனசு கலந்துவிடும். கைக்கணினியில் நான்கு பேர் என்று போட்டு முடித்தேன்.

வண்டியை எடுக்கும்போது பஸ் நிறுத்தத்து டீக்கடையில் பெரியவரைப் பார்த்தேன். ஒல்லியான உடம்பு, காதில் முடி. டீயில் பன்னை நனைத்துத் தின்றுகொண்டிருந்தார். தெருவெல்லாம் வடை வேகிற வாசனை. வீட்டுக்கு வீடு, இல்லாதவர்களுக்கு இலை போட்டுக்கொண்டிருந்தார்கள். அமாவாசைப் பகல் யார் முறை என்பது அந்த வீட்டில் தீராத வழக்கு. அது தீரும்வரை அவருக்கு அன்றைய மத்தியானச் சாப்பாடு பன்தான்.

"என்னை எந்தப் பக்கம் போட்ட தம்பி?" என்றார்.

எல்லாம் காதில் விழுந்திருக்கிறது. மறைக்க வழியில்லை.

"ரெண்டு பக்கமும் வரலைங்க ஐயா."

"அப்போ நடுவுல கீறேன்" என்று சொல்லிச் சிரித்தார். பல் இல்லாத சிரிப்பு. பிறகு டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "உங்க கணக்குல வூடுன்னா இன்னா தம்பி? செவுரா, கதவா?"

பேச்சுக்காரனிடம் கேட்டால் சும்மா இருப்பானா. வேலூரில் கற்றதை அப்படியே சொன்னேன். அடுப்புதான் வீடு என்றேன்.

"ஒருத்தன் தனியா பொங்கித் துன்னா?"

"அவரே ஒரு வீடுங்க. அவரே குடும்பத் தலைவர்."

எனக்கும் ஒரு டீ சொன்னார், அவ்வளவுதான்.

அடுத்த தடவை போனது ஆவணி அமாவாசைக்கு. வாசலிலேயே அண்ணன் மனைவி பிடித்துக்கொண்டார்.

"வாங்க சார், வாங்க. உள்ள வந்து பாருங்க நீங்க பண்ண வேலையை."

பின்கட்டில், கிணற்றோரமாக, தகரத்தைச் சாய்த்து வைத்து, மூன்று செங்கல் போட்டு அடுப்பு. பக்கத்தில் சவுக்குச் சுள்ளி ஒரு கட்டு, ஒரு அலுமினியக் குண்டான், அதே தட்டு, அதே டம்ளர்.

"ரெண்டு பசங்க இருந்தும் பெருசு தனியா பொங்குதான்னு தெருவே கேக்குது. தண்ணி புடிக்கப் போனா ஒரே பேஜாரு. வாயைத் தொறக்க முடியல."

"நான் எதுவும் சொல்லிக் குடுக்கலைங்க."

"நீங்க சொல்லலன்னா அவருக்கு இன்னா சொப்பனத்துல வந்துதா? கெவர்மென்ட்ல சட்டம் கீதாம், அடுப்பு தனின்னா வூடு தனியாம். தெனம் ஒரு தபா சொல்றாரு. கூப்டுப் பாத்தாச்சு. அவங்களும் கூப்டாங்க, நாங்களும் கூப்டோம். எம்மா, நானே ஒரு வூடு, ஒரு வூட்டுக்காரன் இன்னொரு வூட்ல போய் தெனம் துன்னா நல்லாவா இருக்கும்னு கேக்கறாரு."

அவர் குரலில் கோபம் பாதிதான் இருந்தது. மீதி என்னவென்று எனக்கு அப்போது சொல்லத் தெரியவில்லை.

பெரியவர் குளித்து, வெளுத்த வேட்டி கட்டி, திருநீறு பூசி உட்கார்ந்திருந்தார். எனக்காகத் தகரத்து நிழலில் ஒரு பாயை விரித்து வைத்திருந்தார். "அமாவாசைக்கு வருவேன்னு தெரியும்" என்றார். "மொதல்ல அவங்களை முடிச்சிட்டு வா. நான் எங்க போவப் போறேன்."

அண்ணன் வீட்டுக் கேள்விகளைக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே எனக்குத் தெரியும், என் கைக்கணினியில் அவருக்கு இடமில்லை. பட்டியல் போட்ட நாளில் இருந்த அடுப்புகள்தான் குலுக்கலுக்குப் போயின. நடுவில் முளைத்த அடுப்பு அடுத்த பட்டியல் போடும்போதுதான் வரும். அப்போதும் குலுக்கலில் விழுந்தால்தான் உண்டு. வெளியே வந்து அதிகாரி அம்மாவுக்குப் போன் போட்டேன். நான் சொல்லச் சொல்ல அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். "கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா நமக்குப் பாவமா இருக்கறவங்களை எல்லாம் சேர்த்துக்கிட்டா அது குலுக்கல் இல்லையே" என்றார். அதைத்தான் அவர் சொல்வார் என்று எனக்கே தெரியும். நான் எதற்காகப் போன் போட்டேன் என்றுதான் தெரியவில்லை.

பாயில் போய் உட்கார்ந்தேன். அவர் வேட்டியைச் சரிசெய்துகொண்டு, போட்டோ எடுக்க உட்காருவது போல நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஐயா, உங்க அடுப்பு இந்தக் குலுக்கல்ல வரலைங்க. பட்டியல் போட்டப்புறம் வந்த வீடு இது."

குண்டானைத் திறந்து பார்த்து மூடினார். உள்ளே கஞ்சியோ என்னவோ.

"சின்னவன் வூடும் வரல இல்ல?" என்றார்.

"அதுவும் வரலைங்க."

"அப்போ சரி. வராத வூடு நெறைய கீது."

எழுந்து போய்விட என்னால் முடியவில்லை. கைக்கணினியில் பழகிப் பார்ப்பதற்கென்று ஒரு பகுதி உண்டு. வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் அதில் கற்பனைக் குடும்பம் ஒன்றை எழுதிப் பார்ப்பார்கள். அதில் எழுதுவது எங்கும் போகாது, மூடினால் அழிந்துவிடும். அதைத் திறந்தேன். அது என்ன என்பதையும் அவரிடம் சொன்னேன்.

"போவலன்னா போவுது. நீ கேளு" என்றார்.

"குடும்பத் தலைவர் யாருங்க?"

"நான்தான்."

"மொத்தம் எத்தனை பேருங்க?"

"நான் ஒருத்தன்."

மனைவி இறந்து எவ்வளவு காலம் என்று அவராகவே சொன்னார். அதை நான் கேட்கவில்லை. என்ன வேலை என்று கேட்டேன். காலையில் பெரியவன் தறிக்குத் தார் சுற்றிக் கொடுப்பார், அதாவது குறுக்கே ஓடுகிற நூலைச் சின்னக் குச்சியில் சுற்றித் தருவது. மத்தியானத்துக்கு மேல் சின்னவன் தறிக்கு. கூலி உண்டா என்றேன். "பெத்த பசங்ககிட்ட யாராவது கூலி கேப்பானா?" என்றார். சொந்தக் குடும்பத் தொழிலில் கூலியில்லாமல் உதவுகிறவர் என்று ஒரு குறியீடு இருக்கிறது. ஆனால் அது ஒரே குடும்பமாக இருந்தால்தான். இவர் இப்போது வேறு குடும்பம். எந்தக் குறியீடு போடுவது என்று விரல் நின்றது. எதைப் போட்டாலும் அழியப் போவதுதானே என்று எதையோ போட்டேன்.

போன வாரம் என்ன வாங்கினீர்கள் என்பதற்கு அரிசி, உப்பு, வத்திப்பெட்டி, கொஞ்சம் புகையிலை என்று விரல் மடக்கிச் சொன்னார். ஒவ்வொரு பதிலுக்கும் நான் அதை ஏற்றுகிறேனா என்று எட்டிப் பார்த்தார். சுவரோரமாகத் தம்பி மனைவி துணி காயப்போடுகிற சாக்கில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். கடைசிக் கேள்வி முடிந்ததும் பெரியவர், "அந்த மொத கேள்வியை இன்னொரு தபா கேளு" என்றார்.

"குடும்பத் தலைவர் யாருங்க?"

"நான்தான்" என்றார். இந்தத் தடவை கொஞ்சம் சத்தமாக.

அன்றைக்கு அவர் பன் தின்னப் போகவில்லை. தன் அடுப்பில் பொங்கியதைத்தான் தின்றார். போகிற போக்கில் அதை நான் பார்த்தேன். எனக்கு அது சந்தோஷமா துக்கமா என்று இன்றைக்கும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

அந்த ஐப்பசியில் மழை விடாமல் அடித்தது. தேவிகாபுரம் பக்கம் வரப்பெல்லாம் கரைந்துபோய், என் மற்ற வீடுகளுக்குப் போய்ச் சேருவதே பெரும்பாடாக இருந்தது. முள்ளிப்பட்டுக்குக் கார்த்திகை அமாவாசைக்குத்தான் போனேன்.

வாசலில் அண்ணன் நின்றிருந்தார். மொட்டையடித்த தலையில் முடி புல் போல முளைத்திருந்தது. உள்ளே அந்தப் பக்கத்திலிருந்து தம்பி எட்டிப் பார்த்தார். அவர் தலையும் அப்படியே. நான் கேட்க வேண்டியிருக்கவில்லை.

"மழையில நனைஞ்சிகினே பொங்கிகினு இருந்தாரு" என்றார் அண்ணன். அந்த வீட்டில் அவர் குரலை நான் முழுதாகக் கேட்டது அன்றைக்குத்தான். "உள்ள வா நைனா, உள்ள வந்து பொங்கிக்கோன்னு சொன்னேன். அடுப்பை நவுத்தக் கூடாதுன்னாரு. காய்ச்சல்னு படுத்தாரு. ஆரணிக்கு இட்டுகினு போனோம். திரும்பத் தூக்கிகினுதான் வந்தோம்."

உள்ளே படையல் போட்டிருந்தார்கள். அண்ணன் சமையலறையில் ஓர் இலை. சுவருக்கு அந்தப் பக்கம், தம்பி சமையலறையில் இன்னோர் இலை. ஒரே போட்டோவின் இரண்டு நகல், இரண்டுக்கும் மாலை. இரண்டு இலையிலும் சோறு, வடை, பாயசம். அமாவாசைப் பகல் யார் முறை என்று இனி யாரும் கேட்கப் போவதில்லை.

அண்ணன் மனைவி எனக்குத் தட்டில் வடை கொண்டுவந்து வைத்தார். இந்தத் தடவை சீண்டல் பேச்சு இல்லை. "கேளுங்க சார்" என்று சொல்லிவிட்டுக் கதவில் சாய்ந்துகொண்டார்.

திரும்பிப் போகிற வீடுகளில், முந்தைய தடவை எழுதின பேர்களைக் கைக்கணினி ஒவ்வொன்றாகக் காட்டும். இருக்கிறாரா, வெளியூர் போய்விட்டாரா, இறந்துவிட்டாரா என்று கேட்டுக் குறிக்க வேண்டும். அண்ணன் பேரைப் படித்தேன்.

"கீறேன்" என்றார்.

அவர் மனைவி பேரைப் படித்தேன். பிள்ளைகள் பேரைப் படித்தேன். எல்லோரும் இருக்கிறார்கள். புதிதாக யாராவது சேர்ந்தார்களா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினார். ஆட்டிவிட்டு, அடுத்த பேருக்காகக் காத்திருப்பவர் போல என் கையையே பார்த்தார்.

"அவ்ளோதானா சார்?"

"அவ்ளோதாங்க."

"நைனா பேரு வரலியே."

முந்தைய பட்டியலில் இருக்கிறவர்களுக்குத்தான் அந்தக் கேள்வி வரும் என்றேன். இருந்தால்தான் இல்லாமல் போனதை எழுத முடியும் என்று சொல்ல நினைத்து, அதை முழுங்கிவிட்டேன். ஆனால் அவருக்குப் புரிந்துவிட்டது.

"அந்த வைகாசியில எழுதியிருந்தா?"

"இப்போ பேர் வந்திருக்கும். இறந்துட்டார்னு குறிச்சிருப்பேங்க."

"இப்போ சேத்துடுங்க. எங்க வூட்லதான் துன்னாரு. பாதி நாளு துன்னாரு இல்ல? பொய் ஒண்ணும் சொல்லலியே."

"அது அப்பவே அனுப்பியாச்சுங்க. இப்போ திறக்காது."

அவர் கூடத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "டேய், இங்க வாடா. உன் வூட்லயாவது எழுதச் சொல்லு."

தம்பி வந்து நிலைப்படியில் நின்றார். பாகம் பிரித்த பிறகு அவர் அந்தப் படியைத் தாண்டுவதில்லை போலும்.

"எங்க வூட்டுக்கு சார் வரவே இல்லியேண்ணா" என்றார்.

இரண்டு தறியும் சும்மா இருந்தன. நடுவில் பாய் விரித்திருந்த இடத்தில் அகல் விளக்கு ஒன்று எரிந்துகொண்டிருந்தது. தார்க்குச்சிகள் ஒரு கூடையில் நூல் சுற்றாமல் கிடந்தன. எனக்கு வேலூர் அரங்கின் பின்வரிசைச் சிரிப்பு ஞாபகம் வந்தது.

மீதிக் கேள்விகளைக் கேட்டேன். எந்தக் கேள்விக்கு என்ன பதில் என்று நினைவில்லை. அனுப்பினேன், போய்ச் சேர்ந்தது என்று பச்சை எழுத்தில் வந்தது. அந்த வீடு தன்னைப் போன்ற அத்தனை வீடுகளுக்காகவும் பேசி முடித்தது. அதன்படி அந்த வீட்டில் யாரும் சாகவில்லை.

கிளம்பும்போது அண்ணன் மனைவி பின்னாலேயே வந்தார். கிணற்றோரம் தகரத்தை எடுத்துவிட்டிருந்தார்கள். மூன்று செங்கல்லும் இருந்த இடத்தில் இருந்தன. மழையில் கரி கரைந்து மண்ணில் ஓடிக் காய்ந்திருந்தது. செங்கல்லைச் சுற்றிப் பெருக்கிக் கோலம் போட்டிருந்தார்.

"என் வூட்டுக்காரரு எடுக்கச் சொல்றாரு" என்றார். "எனக்குத்தான் கை வரல. அடுப்புதான் வூடுன்னு நீங்க சொன்னதா மாமனாரு சொல்லிகினே இருப்பாரு. எடுத்துட்டா அந்த வூடு பூடும் இல்ல சார்?"

தோளை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு, பதிலுக்காக நின்றார்.

அடுத்த வருஷம் புதுப் பட்டியல் போட ஆள் வருவார்கள். நானாக இருக்கலாம், வேறு யாராவதாக இருக்கலாம். தெருத்தெருவாக நடந்து, அடுப்பு அடுப்பாகப் பார்த்து எழுதுவார்கள். எரிகிற அடுப்பைத்தான் எழுதுவார்கள். அதை அவரிடம் நான் சொல்லவில்லை.

"புதுப் பட்டியல் போடற வரைக்கும் இருக்கட்டுங்க" என்றேன்.

"அப்போ இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, கோலத்தின் மேல் வந்து நின்ற கோழியை விரட்டப் போனார்.